நான்காவது உத்திரம்

கிர்க்பெக்கில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் அம்ப்ரோஸ் தாக்ராவைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். பாதிப் பேர் பெரிய மனிதர் என்பார்கள். மீதிப் பேர் வேறு மாதிரி சொல்வார்கள். நான் சொல்லப்போவது பெரும்பாலும் அவருடைய மனைவி லவீனியா அம்மையார் வாயால் கேட்டது. வயதான காலத்தில் அவருக்குக் கண் மங்கியபோது, செய்தித்தாள் வாசித்துக் காட்ட என்னை வைத்துக்கொண்டார். ஐந்து வருடம் வாசித்தேன். நான் தாளை மடித்து வைத்ததும் அவர் பேச ஆரம்பிப்பார். ஒரு பகுதி மட்டும் நானே கண்ணால் பார்த்தது. சம்பவம் நடந்த அன்று இரும்புப் பாலத்தின் மேல் நின்ற பள்ளிப் பெண்களில் நானும் ஒருத்தி. எனக்கு அப்போது ஒன்பது வயது.

தாக்ரா கம்பளி சீவும் இயந்திரங்கள் செய்கிறவர். இரும்பை உருக்கி வார்க்கும் வார்ப்பாலையில் கூலிக்கு வேலை பார்த்த பொறியாளராகத் தொடங்கி, ஆயிரத்து இருநூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு முதலாளி ஆனவர். ஊருக்கு ஏற்கெனவே இரண்டு சிலைகள் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில், காலராக் காலத்தில் நோயாளிகளோடு இருந்து செத்த ஒரு மருத்துவர். பூங்காவில், கையில் புத்தகத்தோடு ஒரு பெண். “பொகையில பொறந்து பொகையிலயே சாகுற ஊரு இது. அண்ணாந்து பார்க்க அழகா ஏதாவது வேணாமா?” என்பார்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. குதிரை மேல் அமர்ந்த ஒரு பழைய அரசன், முழுக்க வெண்கலம். அந்த அரசன் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை என்று பள்ளி ஆசிரியர் செய்தித்தாளில் எழுதிப் போட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. புதிய சதுக்கத்தின் நடுவே பீடம் தயாராக இருந்தது. 1896 செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்துவதாக ஏற்பாடு.

அந்த வாரத் திங்கட்கிழமை காலை நகரப் பொறியாளர் வில்ஃபிரட் ஆம்ப்ளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சிலை ரயிலில் வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சரக்கு நிலையத்தில் இறங்கியிருந்தது. சதுக்கம் இந்தப் பக்கம். கீழே இருக்கும் பழைய கல்பாலம் வழியாகச் சுற்றிக் கொண்டுவரலாம் என்பதுதான் முதலில் பேசியது. ஆனால் வெள்ளத்தில் கல்பாலத்தின் தூண் ஒன்று அரித்துப்போய்விட்டது, அதை மூடிவிட்டோம், ஆகவே ஊர்வலம் இரும்புப் பாலத்தின் மேல் வரும் என்று ஆம்ப்ளர் எழுதியிருந்தார். தாக்ரா இளவயதில் கட்டிய பாலத்தின் மேலேயே தாக்ரா கொடுக்கும் சிலை வருவது எவ்வளவு பொருத்தம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

தாக்ரா அந்தக் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். மதியத்துக்குள் நான்கு முறை எடுத்துப் படித்தார் என்று லவீனியா சொன்னார். அவருக்கு அப்போது காரணம் தெரியாது.

காரணம் முப்பத்தைந்து வருடம் பழையது. அந்தப் பாலத்தை ஆறு வார்ப்பிரும்பு உத்திரங்கள் தாங்கின. தாக்ராவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. உத்திரங்கள் அவர் மேற்பார்வையில் வார்க்கப்பட்டன. நான்காவதை மணல் அச்சிலிருந்து எடுத்துத் துடைத்தபோது அடிப்பட்டையில், நடுவுக்குக் கொஞ்சம் மேற்கே, காற்றுக் குமிழி விட்ட ஒரு பொள்ளல் தெரிந்தது. பாரம் ஏறினால் இழுபடுகிற இடமே அதுதான். அதை உடைத்துப் போட்டு மறுபடி வார்த்திருக்க வேண்டும். ஆனால் கெடு தாண்டிவிட்டால் வார்ப்பாலையை மூடவேண்டியதுதான் என்று முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தாக்ராவும் அச்சு பிடிக்கும் ஜேபஸ் ஓல்ட்ராய்டும் மெழுகையும் இரும்புத் தூளையும் கரியையும் குழைத்து அந்தப் பொள்ளலை அடைத்தார்கள். பாரம் ஏற்றிச் சோதிக்க ஆள் வந்தபோது மூன்றாவது உத்திரத்தையே, நான்கு என்று எண்ணை மாற்றி எழுதி, இரண்டு முறை சோதித்துக் காட்டினார்கள். பிறகு எல்லாவற்றுக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்தாயிற்று. முதலாளி செத்துப்போனார். பாலம் நின்றது. தினமும் கம்பளி மூட்டை வண்டிகள் அதன் மேல் போய்வந்தன.

ஆனால் நான்கு டன் மூட்டை வண்டி வேறு. சிலையும் அதை ஏற்றிய வண்டியும் இழுக்கிற நீராவி எஞ்சினும் சேர்ந்து இருபத்து நான்கு டன்.

செவ்வாய்க்கிழமை தாக்ரா ஆம்ப்ளரைப் பார்க்கப் போனார். ஆம்ப்ளர் முப்பது வயதுக்காரர், கணக்கில் கெட்டி. மேசையில் பழைய வரைபடங்களை விரித்து வைத்திருந்தார். தாக்ராவின் சொந்தக் கையெழுத்து போட்ட வரைபடங்கள்.

“மூணு தடவ கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன் ஐயா. நீங்க எழுதியிருக்கிற கனத்துக்கு இன்னொரு குதிரையைக்கூட ஏத்தலாம்.”

“பழைய இரும்பு ஆம்ப்ளர். கொஞ்சம் யோசிக்கலாம்.”

“உங்க இரும்ப நீங்களே சந்தேகப்பட்டா நாங்க எங்க போறது?” என்று சிரித்தார் ஆம்ப்ளர்.

சிலையைக் குதிரை வேறு, அரசன் வேறாகப் பிரித்துக் கொண்டுவரலாமா என்று கேட்டார் தாக்ரா. முடியாது, இரண்டையும் உள்ளேயிருந்து முடுக்கி, இணைப்பின் மேல் வெண்கலம் வார்த்து மூடிவிட்டார்கள் என்றார் ஆம்ப்ளர். நாளைத் தள்ளிப்போடலாமா என்றார். அழைப்பிதழ் போய்விட்டது. அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று கேள்வி வரும். தாக்ரா தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புதன்கிழமை ஜேபஸைத் தேடிப் போனார். ஜேபஸ் அப்போது சேப்பல் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள முதியோர் விடுதியில் தனியாக ஒரு அறையில் இருந்தார். கணப்பில் ஓட் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க முதலாளி. அடுத்த சிலைக்கு ஆள் தேடுறீங்களா? என் மூக்கு வெண்கலத்துக்கு ஒத்து வராது, சொல்லிட்டேன்.”

“வெளையாடாத ஜேபஸ். நாலாவது உத்திரம்.”

ஜேபஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “முப்பத்தஞ்சு வருஷமா இந்தப் பேச்ச நீ எடுத்ததில்ல.”

“நீயும் எடுத்ததில்ல. அந்தப் பொள்ளல் எவ்வளவு ஆழம்? அன்னிக்கு ரெண்டு அங்குலம்னு சொன்ன.”

“ரெண்டு அங்குலம்னு கேக்கணும்னு நின்ன. அதனால சொன்னேன்.” ரொட்டி கருகுவதை அவர் கவனிக்கவில்லை. “மூணு விரல விட்டேன் அம்ப்ரோஸ். அடி தட்டல. கம்பிய விட்டேன். ஒரு சாண் போச்சு. அப்புறம் வளஞ்சு எங்கயோ போச்சு. அதுக்கு மேல நான் பார்க்கல. பார்க்கப் பயமா இருந்துச்சு.”

தாக்ரா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“எம் பொண்டாட்டி ஹெஸ்டர் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அந்தப் பாலத்து மேலதான் சேப்பலுக்குப் போவா,” என்றார் ஜேபஸ். “நான் கல்பாலம் சுத்திப் போவேன். ஒண்ணரை மைல் கூட. அந்தப் பக்கம் எவளையோ வெச்சிருக்கேன்னு சாகுற வரைக்கும் நெனச்சா, பாவம். நானும் இல்லன்னு சொல்லல.”

“அவளையும் சுத்திக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே.”

“ஏன்னு கேட்டிருப்பாளே.”

ஜேபஸ் கருகின ரொட்டியை நெருப்பில் போட்டார். பிறகு கேட்டார்: “சொல்லப் போறியா?”

“தெரியல.”

“சொன்னா என் பேரையும் சேத்துச் சொல்லு. தனியா மாட்டிக்காத.”

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தாக்ரா ஆற்றங்கரையில் நடந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் நிலக்கரிப் படகுக்காரன் ஒருவனிடம் கேட்டு, அவன் படகில் ஏறிப் பாலத்துக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். பச்சைப் பெயிண்ட்தான் தெரிந்தது. நகரமன்ற ஆட்கள் அதன்மேல் எத்தனை பூச்சுப் பூசியிருந்தார்களோ. மேலே ஒரு மூட்டை வண்டி போனது. தூசி உதிர்ந்து அவர் முகத்தில் விழுந்தது. “ஒடம்பு சரியில்லையா ஐயா?” என்று படகுக்காரன் கேட்டானாம்.

சனிக்கிழமை காலை உணவின்போது லவீனியா சொன்னார்: “முட்ட ஆறிப்போச்சு. அஞ்சு நாளா நீங்க ஒழுங்கா எதையும் தொடல. டாக்டர வரச் சொல்லவா?”

அப்போதுதான் தாக்ரா சொன்னார். தட்டைப் பார்த்துக்கொண்டே, ஒன்று விடாமல். லவீனியா தேநீர்க் கெட்டிலைக் கீழே வைத்தாராம்.

“நம்ம ரெண்டு பிள்ளைங்களையும் அந்தப் பாலத்து மேலதான் பள்ளிக்கூடம் அனுப்புனேன்,” என்றார் பிறகு.

“தெரியும்.”

“தெனமும். வண்டியிலருந்து கையாட்டிக்கிட்டே போவாங்க. நீ வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருப்ப.”

“லவீனியா, முப்பத்தஞ்சு வருஷம் நின்னிருக்கு. இன்னைக்கும் நிக்கும்னுதான்... நானும் அந்த வண்டி மேலதான உக்காந்து வரப்போறேன். போனா என்னோட போகட்டும்.”

“உன்னோட போயிடுமா? பாலத்து மேல ரெண்டு பக்கமும் இருநூறு பொண்ணுங்கள நிறுத்திப் பூத் தூவச் சொல்லியிருக்காங்க. மேயர் பெண்டாட்டி ஏற்பாடு. உனக்குத் தெரியாதா?”

அவருக்குத் தெரியாது. கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

“பத்து மணிக்கு மேயர் சரக்கு நிலையத்துக்கு வந்துடுவாரு. போய்ச் சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்.”

அவர் போனார். சரக்கு நிலையத்தில் கொடிகளும் பித்தளை வாத்தியக்காரர்களும் கூட்டமுமாக இருந்தது. எஞ்சின் புகைந்துகொண்டிருந்தது. பின்னால் வண்டியில், கயிறுகளால் கட்டப்பட்டு, குதிரை முன்னங்காலைத் தூக்கி நின்றது. மேயர் சக்டன் கழுத்தில் பதவிச் சங்கிலியோடு ஓடி வந்தார்.

“என்னய்யா தாக்ரா, கல்யாண மாப்ள மாதிரி வேர்த்துக் கொட்டுது?”

“சக்டன், பாலத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

“கூட்டந்தானே? போலீசுகிட்ட சொல்லியாச்சு. நீர் கவலைய விடும். லண்டன்லருந்து பத்திரிகைக்காரன் வந்திருக்கான், மொகத்த நல்லா வெச்சுக்கும்.” சொல்லிக்கொண்டே தோளில் கைபோட்டு அவரை வண்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். நாலு பேர் கைகொடுத்து மேலே ஏற்றினார்கள். வாத்தியம் முழங்கிவிட்டது. தாக்ரா வாயைத் திறந்தது யாருக்கும் கேட்கவில்லை. அவர் கத்தவும் இல்லை. கத்தியிருக்கலாம் என்று பின்னால் அவரே லவீனியாவிடம் ஒப்புக்கொண்டார்.

லவீனியா பின்னால் குதிரை வண்டியில் வந்துகொண்டிருந்தார். கணவர் மேலே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், சொல்லிவிட்டார், பாலத்தைத் தவிர்த்து அந்தக் கரைத் தெருக்களிலேயே சுற்றப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். ஆலைத் தெரு திரும்பும் முனையில் ஊர்வலம் திரும்பாமல் நேராகப் பாலத்தை நோக்கிப் போனபோதுதான் கணவர் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்தது.

நாங்கள் ஒன்பதரை மணியிலிருந்தே பாலத்தில் நின்றுகொண்டிருந்தோம். வெள்ளை உடுப்பு, கூடையில் ஆஸ்டர் பூ. என் காலணி அக்காவுடையது, முன்னால் காகிதம் திணித்திருந்தது. கரைகளில் ஊரே நின்றது. என் அம்மா நூற்பாலையில் அரைநாள் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து எதிர்க்கரையில் நின்றாள். எஞ்சின் சத்தம் கேட்டதும் கைப்பிடியைத் தொட்டிருந்த என் விரல்களில் பாலம் மெல்ல அதிர்ந்தது. எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது.

பாலத்துக்கு ஏறுகிற சரிவில் எஞ்சின் வந்தபோது மேலே உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். எங்கள் வெள்ளை வரிசையை அவர் அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும்.

“நிறுத்து!” என்று அவர் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது.

எஞ்சின்காரர் திரும்பிப் பார்த்தார். “இங்க நிறுத்தக்கூடாதுங்க ஐயா! சரிவு! பின்னால போயிரும்!”

“சக்கரத்துக்குக் கல்லு வை! நிறுத்துன்னு சொல்றேன்!”

எஞ்சின்காரர் மேயரைப் பார்த்தார். மேயர் கையை முன்னால் ஆட்டினார், போ என்று. அறுபத்து மூன்று வயது தாக்ரா வண்டியிலிருந்து கீழே குதித்தார். தொப்பி ஒரு பக்கம் உருண்டது. தடுக்கி விழுந்து, எழுந்து ஓடி, எஞ்சினுக்கும் பாலத்துக்கும் நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார். நீராவி சீறி அடங்கியது. ஆட்கள் ஓடி வந்து சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். முன்சக்கரத்துக்கும் பாலத்தின் விளிம்புக்கும் இரண்டு கஜம் இருக்கும்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். “கெழவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு!”

மேயர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். “என்னய்யா கூத்து இது?”

“பாலம் தாங்காது. நான் வார்த்த உத்திரத்துல ஓட்ட இருக்கு. மெழுக வெச்சு அடச்சோம். மொதல்ல அந்தப் பிள்ளைங்கள எறக்குங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கத்தாதீங்க. கத்துனா எல்லாம் ஒரே பக்கமா ஓடும்.”

மேயருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆம்ப்ளரும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். யார் போய் எப்படிச் சொல்வது என்று அவர்கள் விழித்துக்கொண்டிருந்தபோது லவீனியா வண்டியிலிருந்து இறங்கி, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேராகப் பாலத்தின் மேல் நடந்து வந்தார். அது எப்படிப்பட்ட பாலம் என்று தெரிந்தே வந்தார்.

எங்கள் ஆசிரியையிடம் என்ன சொன்னாரோ தெரியாது. எங்களிடம் சிரித்த முகமாகத்தான் பேசினார்.

“பொண்ணுங்களா, பூவ இங்க தூவ வேணாம். சதுக்கத்துல தூவலாம். ஒவ்வொருத்தரா வாங்க. ஓடக்கூடாது. ஒரே மாதிரி காலெடுத்து வைக்கவும் கூடாது. யார் நல்லா கோணல்மாணலா நடக்குறாங்கன்னு பார்ப்போம்.”

நாங்கள் சிரித்துக்கொண்டே கோணல்மாணலாக நடந்தோம். நான் வரிசையின் நடுவில். அவர் கையுறை போட்ட கையை ஒவ்வொருத்தி தோளிலும் வைத்து எண்ணி அனுப்பினார். கடைசிப் பெண் கரையேறிய பிறகே அவர் நகர்ந்தார். அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. எதிர்க்கரையில் என் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றதாக அக்கா சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு ஆம்ப்ளரும் தாக்ராவும் நிலக்கரிப் படகில் ஏணி வைத்துப் பாலத்துக்கு அடியில் போனார்கள். கரை முழுக்க ஆள், ஆனால் சத்தமே இல்லை. ஆம்ப்ளர் சுத்தியலால் உத்திரங்களைத் தட்டினார். முதல் மூன்றும் கணீரென்றன. நான்காவது, பானையைத் தட்டினதுபோல் மொத்தென்று கேட்டது. கத்தியால் பெயிண்டைச் சுரண்டினார். கறுப்பு மெழுகு கட்டிகட்டியாகப் படகில் விழுந்தது. கம்பியை விட்டுப் பார்த்தார். பிறகு அவர் அப்படியே அசையாமல் அண்ணாந்து நின்றார்.

“என்ன?” என்று தாக்ரா கீழேயிருந்து கேட்டார்.

“ஓட்டையிலருந்து ஒரு விரிசல் போகுது. மேல பாதி வரைக்கும். இந்தப் பக்கம் துரு ஏறிப் பழசா இருக்கு.” ஆம்ப்ளர் எச்சில் விழுங்கினார். “நுனி மட்டும் பளபளன்னு புதுசா இருக்கு ஐயா. இந்த வாரம், போன வாரம் விட்டது.”

மேலே வந்து ஆம்ப்ளர் அதையே மேயரிடம் சொன்னார். மேயர் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் ஒரு கல் வந்தது. அது தாக்ராவின் தோளில் பட்டது. அவர் நகரவில்லை. போலீசார் சுற்றி நின்று அவரை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த மாதம் அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் மூன்று தடவை உடைந்தன. விசாரணை நடந்தது. “உங்களுக்கு உதவியவர் யார்?” என்று கேட்டபோது, பேர் நினைவில்லை என்றார் தாக்ரா. பின்வரிசையில் இருந்த ஜேபஸ் கைத்தடியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “அவருக்கு மறதி. நான்தான் மெழுக அமுக்குனவன். இந்தக் கையாலதான்.” கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவரைத் திட்டுவதா, பாவப்படுவதா என்று தெரியாமல் இருந்தார்கள். யாரும் சாகவில்லை, அந்த வார்ப்பாலையும் இப்போது இல்லை, அதன் முதலாளியும் இல்லை. கடுமையான கண்டனத்தோடு விட்டுவிட்டார்கள். புது எஃகு உத்திரங்கள் ஆறையும் தாக்ரா தன் பொறுப்பில் போட்டுக்கொடுத்தார். ஊரில் அவர் வகித்த பதவிகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். லவீனியா நான்கு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டுத்தான் திரும்பி வந்தார். ஏன் வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “திட்டறதுக்கு ஆள் வேணுமே,” என்றார். பிறகு, “கைய விரிச்சு நின்னாரே, அதையும் நான்தான பார்த்தேன்,” என்றார்.

சிலை பதினான்கு மாதம் சரக்கு நிலையத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று நகரமன்றம் இரண்டு நாள் சண்டை போட்டது. வாங்கிக்கொள்வது, பீடத்தில் கொடுத்தவர் பெயர் வேண்டாம் என்று முடிவானது. பெயர் வேண்டாம் என்று அதற்கு முந்தின வாரமே அவர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது.

நவம்பரில் ஒரு மழைநாளில் திரையை எடுத்தார்கள். வாத்தியம் இல்லை, நூறு பேர்கூட இல்லை. அம்மா என்னையும் கூட்டிப் போயிருந்தாள். கூட்டத்தின் கடைசியில், குடையில்லாமல், தாக்ரா நின்றிருந்தார். அம்மா அவரை அடையாளம் கண்டு நேரே அவரிடம் போனாள். அம்மாவின் வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

“என் பொண்ணு அன்னிக்கு அது மேல நின்னா,” என்றாள், என்னை முன்னால் இழுத்து நிறுத்தி.

அவர் என்னைப் பார்த்தார். “மன்னிச்சிருங்கம்மா,” என்றார்.

“மன்னிக்கிறதெல்லாம் என்னால ஆகாது. அதுக்கு முன்னாடி முப்பத்தஞ்சு வருஷம் நானும் எங்கம்மாவும் தெனம் நடந்தோம்.” அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “ஆனா நிறுத்துனீங்க. நிறுத்தாம பாலம் விழுந்திருந்தா, உங்க தப்புன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதையும் நெனச்சுப் பார்க்குறேன். என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல.”

அவர் தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மழை அவர் வழுக்கையில் விழுந்து வழிந்தது. அங்கே திரையை இழுத்தார்கள், அது குதிரையின் காதில் மாட்டிக்கொண்டது. ஒருவன் ஏணி எடுக்க ஓடினான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றாள், ஏணி வந்து திரை விழுகிற வரைக்கும்.